மலை நடைக்குக் கம்பளி: மெல்லியதாக வாங்கி உள்ளே போடுங்கள்

மலைப் பாதையில் நடக்கப் போகும் புதியவர்கள் குளிரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். வியர்வையைப் பற்றி யோசிப்பவர் குறைவு. ஆனால் ஏற்றத்தில் சட்டை நனைந்துவிடும். மேலே காற்று வீசும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த ஈரமே நடுங்க வைக்கும். அதன்மேல் எவ்வளவு தடிமனாகப் போர்த்திக்கொண்டாலும், முதுகில் ஒட்டிய ஈரத்துணியின் சில்லிப்பு லேசில் போகாது.

கம்பளி உண்மையாகவே கைகொடுப்பது இங்கேதான். பெட்டியை அடைக்கும் கனத்த ஸ்வெட்டர் மலை நடைக்கு அவ்வளவு முக்கியமில்லை. தோலை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சட்டைக்கும் காலுறைக்கும்தான் காசு செலவழிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் தொடங்கி, துவைத்து மடித்து வைக்கும் வரை வரிசையாகப் பார்ப்போம்.

1. கம்பளி எதைச் செய்யும், எதைச் செய்யாது

கம்பளி என்பது செம்மறி ஆட்டின் முடி. நம் முடியையும் நகத்தையும் போல அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இழையின் மேற்புறம் செதில் செதிலாக இருக்கும். நீர்த்துளி அதில் சட்டென்று ஒட்டாது. உட்புறமோ நீராவியை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பாலியஸ்டர் இழை அப்படி உள்ளே வாங்குவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதில் வியர்வை இழைகளுக்கு வெளியே, துணியின் மேல் பரவித்தான் நிற்கும். கம்பளி ஈரத்தை வாங்கும்போது சிறிது வெப்பமும் வெளியாகும். அதனால்தான் நடந்து நின்றதும் வரும் அந்தத் திடீர்க் குளிர் இதில் மட்டுப்படுகிறது.

இரண்டாவது நன்மை, நாற்றம். பாலியஸ்டர் சட்டை ஒரே நாள் நடையில் பக்கத்தில் நிற்பவரை விலக வைக்கும். கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் பல நாள் தொடர்ந்து போடலாம். இரவில் காற்றாடத் தொங்கவிட்டால் காலையில் பெரும்பாலும் வாடை போயிருக்கும். பல நாள் பயணத்தில் ஒரு சட்டையைக் குறைத்து எடுத்துச் செல்ல முடிவது இதனால்தான்.

இனி குறைகள். விற்பவர்கள் இதைப் பேச மாட்டார்கள். “நனைந்தாலும் சூடு தரும்” என்பது பாதி உண்மை. இழை சுருள் சுருளாக இருப்பதால் ஈரத்திலும் துணி முழுதாகச் சப்பிப்போகாமல் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனால் மழையில் தொப்பலாக நனைந்த கம்பளி, காய்ந்த கம்பளியைப் போல ஒருநாளும் சூடு தராது. கனக்கவும் செய்யும். காயவும் பாலியஸ்டரைவிட அதிக நேரம் எடுக்கும். நாள் முழுக்க மழையும் புழுக்கமுமாக இருக்கும் காட்டுக்குள் நடப்பதானால் மெல்லிய செயற்கைத் துணியே பொருத்தம். அங்கே கம்பளிச் சட்டையைத் தூங்கும்போது போட்டுக்கொள்ளக் காய்ந்ததாகப் பைக்குள் வையுங்கள்.

பருத்தி மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. குளிர் மலையில் பருத்திப் பனியன் வேண்டாம், அவ்வளவுதான்.

2. உடம்பில் எந்த இடத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மலை நடைக்கான உடையை மூன்று அடுக்காகச் சொல்வார்கள். தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையைப் பார்த்துக்கொள்ளும். நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்கும். வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும். மூன்றிலும் கம்பளி உண்டு. ஆனால் மூன்றுக்கும் கம்பளிதான் வேண்டும் என்றில்லை.

முதல் அடுக்குக்குக் கம்பளியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்: உட்சட்டை, குளிர் மிகுந்த இடத்துக்கு முழுக்கால் உள்ளுடை, காலுறை, குல்லாய், மெல்லிய உட்கையுறை, குழாய் வடிவக் கழுத்துத்துணி. ஜட்டியும் பிராவும் இந்தக் கணக்கில்தான் வரும். பலர் நல்ல மெரினோ (மெல்லிய முடி தரும் ஒரு செம்மறி ஆட்டினம்) சட்டையை வாங்கிவிட்டு அதற்குள் பருத்தி பிராவோ பனியனோ போடுகிறார்கள். வியர்வை முழுவதும் அந்தப் பருத்தியிலேயே தங்கிவிட்டால் மேலே இருக்கும் கம்பளிக்கு வேலையே இல்லை.

நடு அடுக்கில் எனக்கு ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற பாலியஸ்டர் துணி மேல். அதே சூட்டுக்கு எடை குறைவு, சீக்கிரம் காயும், பை தோளில் உரசுவதால் வரும் தேய்மானத்தையும் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே நல்ல கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், அதுவே போதும். நெருப்பு மூட்டி உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கம்பளியில் ஒரு சலுகை உண்டு. தீப்பொறி பட்டால் நைலானும் பாலியஸ்டரும் உருகி ஓட்டை விழும். உருகியது தோலிலும் ஒட்டும். கம்பளி உருகாது. கருகும், பிறகு பெரும்பாலும் தானாக அணைந்துவிடும்.

வெளி அடுக்கு மழைக்கோட்டின் வேலை. ஆல்ப்ஸ் பகுதியில் நெய்த கம்பளியைச் சுருக்கி அடர்த்தியாக்கி, லோடன் என்ற துணியைச் செய்வார்கள். சாரலையும் காற்றையும் அது நன்றாகத் தடுக்கும். அழகான துணிதான், ஆனால் முதல் முறை நடப்பவர் தேடி வாங்க வேண்டியதில்லை. மேற்கால்சட்டைக்கும் கம்பளி வேண்டாம். பாறையிலும் முள்ளிலும் உரசும் இடத்தில் மெல்லிய கம்பளி நிற்காது.

அடுக்கு என்ற யோசனை புதிதல்ல. 1924-ல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல் கண்டெடுக்கப்பட்டபோது, காபர்டீன் என்ற நெருக்கமாக நெய்த துணியாலான மேலாடைக்குள் பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய துணிகள் பல அடுக்காக இருந்தன. கனத்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது என்பது அந்தக் காலத்து மலையேறிகளுக்கும் தெரிந்திருக்கிறது. சூடு ஏறினால் ஒன்றைக் கழற்றலாமே.

3. லேபிளில் மூன்று எண்களைத் தேடுங்கள்

மைக்ரான், ஜி.எஸ்.எம், கலப்பு சதவீதம் ஆகிய இந்த மூன்றும் தெரிந்தால் விளம்பர வாசகத்தைப் படிக்கவே தேவையில்லை.

மைக்ரான் என்பது இழையின் தடிமனைச் சொல்லும் அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல். தோலை ஒட்டிப் போடும் மெரினோ சட்டைகள் பெரும்பாலும் 17 முதல் 19.5 மைக்ரானுக்குள் இருக்கும். “கம்பளி எனக்கு ஒத்துக்கொள்ளாது, அரிக்கும்” என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் ஒவ்வாமை கிடையாது. ஏறத்தாழ 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் முனை விறைப்பாக இருக்கும். தோலில் பட்டால் வளையாமல் குத்தும். துணியில் அப்படிப்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே போதும், அரிப்பு தொடங்கிவிடும். மெல்லிய இழை வளைந்துகொடுத்துவிடும். சிறுவயதில் போட்ட குத்தும் ஸ்வெட்டரை நினைத்துக் கம்பளியையே ஒதுக்கியவர்கள் 18 மைக்ரான் அளவிலான ஒரு சட்டையைக் கழுத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் குத்தினால் 17-க்கு இறங்குங்கள். எல்லா நிறுவனங்களும் இந்த எண்ணைப் போடுவதில்லை. போடாத இடத்தில் உங்கள் கழுத்தும் உள்முழங்கையும்தான் அளவுகோல்.

மெல்லியதாகப் போகப்போகத் துணி சீக்கிரம் தேயும். ஆகவே 15, 16 மைக்ரான் என்று பெருமையடிக்கும் சட்டைகள் மலைக்கு வேண்டியதில்லை.

ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். துணி எவ்வளவு சூடு தரும் என்பதை இது ஓரளவு சொல்லும். 120 முதல் 160 வரை உள்ளவை வெயில் காலத்துக்கும், வியர்த்துக் கொட்டும் ஏற்றங்களுக்கும். 180 முதல் 210 வரை எல்லாக் காலத்துக்கும் ஏற்ற நடுத்தரம். 250-க்கு மேல் போனால் பனிக்கும், முகாமில் அசையாமல் உட்காரும் நேரத்துக்கும். ஒன்றே ஒன்று வாங்கப்போகிறவர்கள் 150-லிருந்து 200-க்குள் நிற்பது நல்லது. கனமானது வேண்டும் என்று கை போகும்; கையைக் கட்டுப்படுத்துங்கள். 250 ஜி.எஸ்.எம் சட்டையை ஏற்றத்தில் போட்டால் வியர்வை இன்னும் கூடும், காய்வதற்கும் நேரமாகும்.

மூன்றாவது, கலப்பு. இங்கேதான் ஏமாற்றம் அதிகம். முன்னால் பெரிய எழுத்தில் கம்பளி என்றிருக்கும். உள்ளே தைத்த சின்னத் துண்டில் 20 சதவீதம் கம்பளி, 80 சதவீதம் அக்ரிலிக் என்று இருக்கும். அக்ரிலிக் ஒரு செயற்கை இழை. பார்க்கவும் தொடவும் கம்பளி போலவே இருந்தாலும், ஈரத்தை உள்ளே வாங்கும் குணம் அதற்குக் கிடையாது. எனவே முன்பக்கம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் துண்டைப் படித்த பிறகே பேசுங்கள்.

அதற்காகக் கலப்பே கூடாது என்பதில்லை. சட்டையில் 10 முதல் 15 சதவீதம் நைலான் சேர்ந்திருந்தால் நல்லதுதான். சில நூல்களில் நடுவே நைலான் இழையை வைத்து அதைச் சுற்றி மெரினோவை முறுக்குவார்கள். தோலில் படுவது கம்பளி. இழுவையைத் தாங்குவது நைலான். மெல்லிய சட்டை இரண்டு மடங்கு உழைக்கும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள், ஆனால் முழுக் கம்பளியைவிட அது உறுதியானது என்பதில் சந்தேகம் வேண்டாம். 150 ஜி.எஸ்.எம்முக்குக் கீழே வாங்கினால் இப்படி நைலான் கலந்ததையே எடுங்கள். முழு மெரினோவின் மென்மையும் நாற்றமின்மையும் வேண்டும் என்றால் 180-க்கு மேல் போங்கள். பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்தவை சீக்கிரம் காயும், வாடையும் வரும். இரண்டுக்கும் நடுவான பொருள்.

வுல்மார்க் என்ற நூல் சுருள் சின்னம் 1964-லிருந்து இருக்கிறது. தூய புதுக் கம்பளிக்கு ஒரு வடிவமும் கலப்புக்கு வேறு வடிவமும் உண்டு. சின்னத்தைப் பார்த்தவுடன் முழுக் கம்பளி என்று முடிவுகட்டாமல், அதன் கீழே எழுதியிருப்பதையும் பாருங்கள்.

ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெரினோ ஆடுகளின் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதைத் தடுக்க, பின்பக்கத் தோலை வெட்டியெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. மியூல்சிங் என்று பெயர். நியூசிலாந்து இதை 2018-ல் தடைசெய்துவிட்டது. இது உங்களை உறுத்துமானால் ‘மியூல்சிங் இல்லாதது’ என்ற குறிப்பையோ, ஆடுகளின் நலனைச் சரிபார்த்துத் தரும் ஆர்.டபிள்யூ.எஸ் அல்லது இசட்.க்யூ சான்றையோ தேடுங்கள்.

4. கையில் எடுத்துப் பாருங்கள்

சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மெல்லியதாக இருப்பது தவறல்ல. ஓரிடம் அடர்ந்து ஓரிடம் சல்லடையாக இருந்தால் வேண்டாம். இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள், உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். உள்ளங்கையால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். உடனே பஞ்சு பஞ்சாக எழும்பினால் நூல் குட்டை இழைகளால் ஆனது. சீக்கிரமே குட்டிக் குட்டி உருண்டைகள் திரளும்.

பிறகு தையல். பை மாட்டி நடப்பவருக்கு இது துணியைவிட முக்கியம். தோளின் உச்சியில் தையல் ஓடினால் பைப்பட்டை அதன்மேல் அழுத்தி, மாலைக்குள் சிவந்த கோடு விழும். தையலை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிப் போட்ட சட்டையைத் தேடுங்கள். தையல்கள் தட்டையாக இருக்க வேண்டும். உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இடுப்புப் பட்டைக்குக் கீழேயும் வரும்படி உடல் நீளமாக இருந்தால் குனியும்போது முதுகு தெரியாது.

அளவு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் துணி தோலில் படாது, வியர்வையை வாங்காது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

5. காலுறைக்கு அவசரப்படாதீர்கள்

ஒரே ஒரு கம்பளிப் பொருள்தான் வாங்க முடியும் என்றால் காலுறையை வாங்குங்கள். கால் கொப்புளத்துக்குக் காரணம் உரசலும் ஈரமும். மெரினோ காலுறை ஈரத்தைக் கவனிக்கும். உரசலைக் கவனிப்பது அளவு. ஆக இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

காலுறையில் முழுக் கம்பளியைத் தேடாதீர்கள். கம்பளி மட்டும் என்றால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். 50 முதல் 70 சதவீதம் மெரினோ, மிச்சத்தில் பெரும்பகுதி நைலான், வடிவத்துக்காகச் சில சதவீதம் எலாஸ்டேன் (இழுபட்டுத் திரும்பும் செயற்கை இழை) என்ற கலப்பு நன்றாக உழைக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள். பின்னல் நெருக்கமாக, கண்ணிகள் சிறியதாக இருந்தால் நல்ல காலுறை. தளர்வான பஞ்சுபோன்ற பின்னல் முதல் நாள் சொகுசாக இருக்கும், பிறகு தட்டையாகிக் கட்டிதட்டும்.

குதிகாலுக்கென்று தனியாகக் குழிவு பின்னியிருக்க வேண்டும். போட்டால் அந்தக் குழிவு சரியாகக் குதிகாலில் உட்கார வேண்டும். மேலே ஏறி நின்றால் அளவு பெரியது. விரல் நுனியில் துணி மடங்கினாலும் அப்படியே. இரண்டு அளவுகளுக்கு நடுவே உங்கள் கால் இருந்தால் சிறியதை எடுங்கள். நீளம், காலணியின் விளிம்பைவிட இரண்டு விரல் உயரமாகவாவது இருக்கட்டும். மெத்தை எவ்வளவு என்பதைக் காலணி முடிவு செய்யும்: மெல்லிய காலணிக்கு லேசான மெத்தை, கனத்த மலைக் காலணிக்கு நடுத்தரம். ஏற்கெனவே பிடிப்பாக இருக்கும் காலணிக்குள் தடித்த காலுறையைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். காலணி வாங்கப் போகும்போது இந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு ஜோடி போதும். ஒன்று காலில், மற்றொன்று பையின் வெளிப்புறத்தில் காய்ந்துகொண்டிருக்கும். தூங்குவதற்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருந்தால் சொகுசு. அதை எக்காரணம் கொண்டும் நடைக்குப் போடாதீர்கள்.

6. வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் இரண்டு ஜோடி காலுறை. அடுத்து, 150 முதல் 200 ஜி.எஸ்.எம்முக்குள் முழுக்கை உட்சட்டை ஒன்று. கழுத்தில் அரை ஜிப் இருந்தால் ஏற்றத்தில் திறந்து காற்று வாங்கலாம். மூன்றாவது குல்லாயும் கழுத்துத்துணியும்: எடை சொற்பம், பலனோ பெரிது. இந்த மூன்றோடு சில நடைகள் போய் வாருங்கள். உங்களுக்கு அதிகம் வியர்க்குமா, சீக்கிரம் குளிருமா என்பது அப்போதுதான் புரியும். அதற்குப் பிறகு கால் உள்ளுடையும் கையுறையும் தேவைப்பட்டால் பார்க்கலாம். பலருக்குத் தேவைப்படுவதே இல்லை. நடக்கும் கால்கள் தாமாகவே சூடாக இருக்கும்.

செலவைக் குறைக்கப் பழைய துணி விற்குமிடத்தில் மெல்லிய மெரினோ ஸ்வெட்டர்களைத் தேடலாம். அக்குளும் முழங்கையும் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் ஒரு பையில் கட்டித் தனியே வையுங்கள். அந்துப்பூச்சி வருவதும் இந்த வழியில்தான்.

7. துவைப்பதும் காப்பதும்

முதல் விதி, குறைவாகத் துவையுங்கள். வியர்வை உப்பும் அழுக்கும் சேர்ந்தால் மட்டும் போதும்.

வெப்பம், ஈரம், குலுக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்ளும். துணி சுருங்கிக் கெட்டியாகும். அதைத் திரும்ப விரிக்க முடியாது. இன்று விற்கும் பல மெரினோ உடைகள் இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்தப்பட்டவை: குளோரினால் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவற்றையும் 30 டிகிரியில், கம்பளிக்கான மென்மையான சுழற்சியில், உள்ளே வெளியாகத் திருப்பிப் போடுங்கள். ஜிப், கொக்கி உள்ள துணிகளை அதோடு சேர்க்க வேண்டாம். மெல்லிய பின்னல் மாட்டிக் கிழியும்.

சாதாரணச் சலவைத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருக்கும். கம்பளியே புரதம்தான். ஆகவே கம்பளிக்கென்று விற்கும் திரவச் சோப்பைப் பயன்படுத்துங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம். துணி மென்மையாக்கியும் வேண்டாம், அது இழைமேல் படிந்து ஈரம் வாங்கும் குணத்தைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

நடைக்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது மட்டும் கட்டாயம் துவைத்து வையுங்கள். துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த இடம்தான் அதற்கு முதல் விருந்து. நன்றாகக் காய்ந்த துணியை இறுக மூடும் பையில் போட்டு வைத்தாலே பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தேவதாரு மரத்துண்டின் மணத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஓட்டையோ புழுவோ கண்ணில் பட்டால் துணியைப் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். முட்டையும் சேர்ந்து அழியும். அலமாரியையும் மூலை விடாமல் துடையுங்கள்.

சிறு ஓட்டையைக் கண்ட அன்றே தைத்துவிடுவது நல்லது, பின்னல் துணியில் அது தானாகப் பெருகும். அதே நிறத்தில் மெல்லிய கம்பளி நூல் கிடைத்தால் அதில், இல்லையென்றால் சாதாரணத் தையல் நூலில், அறுந்த கண்ணிகளைக் கோத்து இழுத்து முடியுங்கள். இடுப்புப் பட்டை உரசும் இடத்தில்தான் முதலில் வரும்; துவைக்கும்போதெல்லாம் அங்கே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.